குடியால் கெட்ட கல்லீரல்: சேலம் வார்டில் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் கல்லீரல் வார்டில் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். எனக்கு ஊசி போடத் தெரியாது. மாத்திரை எழுதும் உரிமையும் இல்லை. உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. மேட்டூர், ஆத்தூர், எடப்பாடி, ஏற்காடு என்று எங்கிருந்து வந்தாலும், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். மருந்து பற்றி வருவதெல்லாம் நடப்பதைப் புரிந்துகொள்வதற்காக மட்டும். எது, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு கல்லீரலைப் பார்க்க எதற்கு இத்தனை பேர்? காலையிலிருந்து ஆறு பேர் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆறு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டால் அது குழு ஆகாது, கூட்டம். உங்கள் எரிச்சல் நியாயமானது.

ஆனால் ஆறு பேர் தேவை என்பதும் உண்மை. இவர் உடம்பில் இருப்பவை இரண்டு நோய்கள். ஒன்று கல்லீரல் கெட்டது. மற்றொன்று, அதைக் கெடுத்த குடிநோய். கல்லீரல் மருத்துவர் வயிற்று நீரையும் இரத்தக்கசிவையும் பார்ப்பார். மனநல மருத்துவர் குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கத்தையும் குழப்பத்தையும் பார்ப்பார். உடல் கரைந்துபோனதை உணவியலாளரும், மருந்துகள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்பதை மருந்தாளுநரும் கவனிப்பார்கள். தினம் எடை எடுத்து, மலம் எத்தனை முறை போனது என்று கேட்டு எழுதுபவர் செவிலியர். குடும்பத்தோடு பேச என்னைப் போல ஒருவர்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்தவர் ஒருவர். ஒரே ஆண்டில் நான்கு முறை, வேறு வேறு மருத்துவமனைகளில் சேர்ந்து வயிற்று நீரை எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தார். நான்கு டிஸ்சார்ஜ் அறிக்கைகளிலும் கடைசி வரி ஒன்றே: 'மது அருந்த வேண்டாம் என அறிவுறுத்தப்பட்டது'. அந்த ஒரு வரிதான் அவருடைய குடிநோய்க்குக் கிடைத்த மொத்த வைத்தியம். கை நடுங்கினால் கொலுசு மணியைப் பற்றவைக்க முடியாது. ஒரு 'கட்டிங்' போட்டால் கை நிற்கும், அதனால் காலையிலேயே குடித்தேன் என்று எங்களிடம் சொன்னார். ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லை சார்" என்றார்.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. குடியால் வந்த கல்லீரல் நோயில் இறந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளை பிரிட்டனில் ஆராய்ந்து 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நல்ல கவனிப்பு கிடைத்தவர்கள் பாதிக்கும் குறைவு என்பது அதன் முடிவு. அங்கே பெரிய மருத்துவமனைகளில் குடிநோய்க்கென்றே தனிக் குழு வைக்கும் வழக்கம் பரவியதற்கு இப்படிப்பட்ட கணக்கெடுப்புகளும் ஒரு காரணம்.

தினம் ஒரு குவார்ட்டர்தான் குடித்தார். அதற்கே இப்படி ஆகுமா?

ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். குடியைக் கணக்கிட மருத்துவர்கள் வைத்திருக்கும் ஓர் 'அளவு' இந்தியாவில் 10 கிராம். ஆக ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. தினம் இவ்வளவு என்று பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் வரும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் பெரிய பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம் இருக்கிறது. "பீர்தானே" என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பெண்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே போதும். உடல் பருமன், சர்க்கரை நோய், ஹெபடைடிஸ் பி அல்லது சி கூட இருந்தால் இன்னும் வேகமாகக் கெடும். அதனால்தான் குடி என்று தெரிந்த பிறகும் அந்த இரத்தப் பரிசோதனைகளை எடுக்கிறோம்.

சேர்க்கும்போது தெளிவாகப் பேசினார். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஓடுகிறது என்கிறார், கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்க்கிறார். மருந்தால் வந்ததா?

பெரும்பாலும் மருந்தால் இல்லை, குடி நின்றதால். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்துக்குப் பிறகு கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் தப்பும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகக்கூடிய நிலை இது. 'குடிகாரன் கலாட்டா' என்று கைகாலைக் கட்டிப்போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது பெரிய தவறு.

சிக்கல் என்னவென்றால், கல்லீரல் செயலிழந்தாலும் குழப்பம் வரும். கல்லீரல் வடிகட்ட வேண்டிய நச்சுகள் மூளைக்கு ஏறிவிடும். அப்போது ஆள் மந்தமாவார். பகலில் தூங்கி இரவில் விழிப்பார். கையை நீட்டச் சொன்னால் பறவை சிறகடிப்பதுபோல் மணிக்கட்டு விழுந்து விழுந்து எழும். முதல் குழப்பத்துக்குக் கொடுக்கும் தூக்க வகை மருந்து இரண்டாம் குழப்பத்தை மோசமாக்கும். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாம். மனநல மருத்துவரும் கல்லீரல் மருத்துவரும் ஒரே கட்டிலருகே நின்று பேச வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான். கல்லீரல் கெட்டவர்களுக்கு, உடம்பில் நெடுநேரம் தங்கும் மருந்துகளைத் தவிர்த்து லோரசெபாம் போன்றதைக் குறைந்த அளவில், நடுக்கத்தை மணிக்கு மணி அளந்து கொடுப்பார்கள்.

குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவதையும் பார்ப்பீர்கள். நாள்கணக்காகச் சாப்பிடாமல் குடித்தவரின் உடம்பில் அது வற்றியிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். மாமனார், மாமியார் எதிரில் மானம் போகுமே என்று "அவர் குடிப்பதே இல்லை" என்று சொன்ன மனைவிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொய்யால் முதல் இரண்டு நாள் வீணாகிறது. வெளியே கூப்பிட்டுக்கூடச் சொல்லலாம், யாரிடமும் போகாது.

வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். நீரை எடுத்தால் ஆள் போய்விடுவார் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள்.

மகோதரம், அதாவது வயிற்றில் நீர் கோர்ப்பது, முற்றியவர்களுக்குக் கடைசி நேரத்தில் மட்டும் நீர் எடுத்த காலத்துப் பேச்சு அது. இறந்தது நோயால், பழி ஊசிக்கு.

முதல் நாளே சிறிதளவு நீரை எடுத்துப் பார்ப்பது கிருமித் தொற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. தொற்று இருந்தால் காய்ச்சலோ வலியோ இல்லாமலும் இருக்கலாம். தாமதித்தால் சிறுநீரகம் படுத்துவிடும். மூச்சு முட்டும் அளவு நீர் இருந்தால் லிட்டர்கணக்கில் எடுப்பார்கள். ஐந்து லிட்டருக்கு மேல் போனால் ஆல்புமின் என்ற புரத மருந்தைக் கூடவே ஏற்ற வேண்டும். அது விலை உயர்ந்தது. காப்பீட்டில் வருகிறதா என்று சேரும் அன்றே காப்பீட்டுத் திட்ட மேசையில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இரத்த வாந்தி எடுத்தார். எண்டோஸ்கோப்பியில் 'பேண்ட்' போட்டார்கள். சரியாகிவிட்டதா?

இப்போதைக்கு. உணவுக்குழாயில் புடைத்த நாளங்களை ரப்பர் வளையத்தால் கட்டியிருக்கிறார்கள். சில வாரங்களில் மறுபடியும் பார்த்துக் கட்ட வேண்டியிருக்கும். இரத்த அழுத்தமே இல்லாதவருக்கு எதற்கு புரோப்ரனோலால் அல்லது கார்வெடிலோல் என்று மருந்துக்கடைக்காரர் கேட்டால், அது கல்லீரல் நாள அழுத்தத்துக்கு என்று சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கஞ்சி மட்டும்தானே கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிடுவேன், மன்னிக்கவும்.

கல்லீரல் நோய் என்றதும் எண்ணெய், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருகிறார்கள். நம் மாவட்டமே ஜவ்வரிசிக்குப் பேர்போனது, அதைக் குறை சொன்னால் கோபம் வரும். ஆனால் ஜவ்வரிசி மரவள்ளி மாவு. அதில் புரதம் இல்லை என்றே சொல்லிவிடலாம். இந்த நோயாளிகளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் சுமார் 35 கலோரியும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம் புரதம், 2,100 கலோரி. ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான் என்பதை வைத்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கன்னங்கள் ஒட்டி, தோள் எலும்பு தெரிந்து, வயிறு மட்டும் பானையாக இருப்பவரின் தசைதான் உருகிக்கொண்டிருக்கிறது. வயிற்றில் இருக்கும் நீர் எடையைக் கூட்டிக் காட்டி அதை மறைக்கிறது.

மூளைக் குழப்பம் வந்தவர்களுக்குப் புரதத்தை நிறுத்தும் பழைய வழக்கத்தையும் இப்போது கைவிட்டுவிட்டார்கள். பருப்பு, பயறு, தயிர் நன்றாகவே ஒத்துக்கொள்ளும்.

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஒன்பதுக்கு இட்லி என்று இருக்கக் கூடாது. நல்ல கல்லீரல் இரவுக்கான சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும். சுருங்கிய கல்லீரலில் அந்தச் சேமிப்பு இல்லை. ஓர் இரவுப் பட்டினி, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமம். படுக்கும் முன் பொட்டுக்கடலை மாவைப் பாலில் கரைத்துக் கொடுங்கள், அல்லது சத்துமாவுக் கஞ்சி. எங்கள் உணவியலாளர் வார்டில் பத்து மணிக்கு யார் விழித்திருக்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்பார். அந்த ஒரு தொலைபேசிக்குப் பயந்தே செவிலியர்கள் டம்ளரோடு நிற்பார்கள்.

உப்பு நாளைக்கு மொத்தமே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் தட்டுவடை செட்டும் வேண்டாம். அதை நீங்கள் வெளியே நின்று சாப்பிட்டுவிடுங்கள்.

கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா?

எங்களிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். கீழாநெல்லி பற்றி 1988இல் சென்னை ஆய்வாளர்களே நம்பிக்கையூட்டும் ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். அது ஹெபடைடிஸ் பி கிருமி தாங்கியவர்களைப் பற்றியது, குடியால் வந்த காமாலை பற்றியது இல்லை. பிற இடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. சீந்தில் கொடியால் கல்லீரல் மேலும் கெட்டவர்களை இந்திய மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். என்ன பொடி, என்ன சூரணம் என்று தெரியாமல் வரும் பொட்டலம் எனக்கு எப்போதும் பயம்தான்.

கடுமையான காமாலைக்கு மருத்துவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கலாம். ஏழாம் நாள் இரத்தத்தைப் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவார். கைவிட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். பலன் தராத ஸ்டீராய்டு, தொற்றுக்கு வழிவிடும்.

வலிக்கு டைக்லோபெனாக், ஐபுபுரோபன் வகை மாத்திரைகள் கூடவே கூடாது. பாராசிட்டமால் நாளைக்கு 2 கிராம் வரை, மருத்துவரைக் கேட்டுவிட்டு.

குடியை நிறுத்த மருந்து இருக்கிறதாமே? சாம்பாரில் கலந்து கொடுத்தால் தெரியாது என்கிறார்கள்.

மருந்து இருக்கிறது. கலந்து கொடுக்காதீர்கள்.

இரகசியமாகக் கலக்கும் பொடிகளில் டைசல்பிராம் இருக்கக்கூடும். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடும். அதுவே கல்லீரலையும் தாக்கும் என்பதால் இந்த நோயாளிகளுக்குத் தவிர்க்கிறோம். தெரியவந்த நாளில் மனைவி சமைத்ததை அவர் தொடமாட்டார், அதோடு குடும்பத்தில் மிச்சமிருந்த நம்பிக்கையும் போகும்.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களிடமே சோதித்துப் பார்க்கப்பட்டது, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் பாக்லோபென். 2007இல் இத்தாலியில் 84 பேரிடம் நடந்த ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களில் 71 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள்; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 29 சதவீதம். மூளைக் குழப்பம் இருப்பவர்களுக்கும் சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும் அது ஆபத்து. அதனால்தான் மனநல மருத்துவர் எழுதும் முன் கல்லீரல் மருத்துவரைக் கேட்கிறார்.

மருந்தோடு பேச்சும் வேண்டும். எப்போது குடிக்கத் தோன்றுகிறது, கூலி வாங்கும் சனிக்கிழமையா, தனியாக இருக்கும் மத்தியானமா? அந்த நேரத்துக்கு வேறு என்ன வழி? ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சிலருக்கு நன்றாகப் பிடித்துப்போகின்றன, சிலருக்குப் பிடிப்பதில்லை. ஒரு முறை போய் உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது. இனி மாத்திரைதானே?

குழுவின் தரம் தெரிவது இந்த நாளில்தான். பஸ் ஏறும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: அடுத்து யாரை, எந்தத் தேதியில் பார்க்க வேண்டும், குடி பற்றி இவரோடு தொடர்ந்து பேசப்போவது யார், இரவில் மோசமானால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் கட்டிலை விட்டு எழாதீர்கள். வார்டில் திட்டுவார்கள், பரவாயில்லை.

வீட்டில் எந்தக் கருவியும் இல்லாமல் கவனிக்கக்கூடியவை உண்டு. அரைஞாண் கயிறு நல்ல அளவுகோல். ஒரு விரல் நுழையும் அளவு தளர்வாகக் கட்டி அனுப்புவோம். விரல் நுழையாமல், கயிற்றின் தடம் தோலில் பதிந்தால் நீர் மறுபடி கோர்க்கிறது என்று பொருள். எடைக்கருவி இருந்தால் இன்னும் நல்லது. இன்னொன்று, மூளைக் குழப்பத்தைக் காட்டிக்கொடுக்கும் கையெழுத்து. தினம் காலையில் ஒரு நோட்டில் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஓமலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கணவரின் கையெழுத்து நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். திங்கள்கிழமை பெயர் கோட்டின் மேல் நின்றது. புதன்கிழமை கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியது. வெள்ளிக்கிழமை வெறும் கிறுக்கல். அவர் வியாழக்கிழமையே கூட்டிவந்திருக்கலாம் என்று அழுதார். வெள்ளிக்கிழமையாவது கூட்டிவந்தாரே என்று நாங்கள் நினைத்தோம்.

லாக்டுலோஸ் மருந்து மலச்சிக்கலுக்கு என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். அது மூளைக்கு ஏறும் நச்சை வெளியேற்றத்தான். நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர், ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு வரும் நாளில் மட்டும் குழம்பிப்போய் வந்தார். விசாரித்தால், 20 கொண்டை ஊசி வளைவுகள் பஸ்ஸில் இறங்கும்போது அவசரம் வந்தால் என்ன செய்வது என்று முந்தின நாளே மருந்தை நிறுத்தியிருக்கிறார். அவருக்கு மத்தியான நேரத்துக்கு முன்பதிவை மாற்றிக் கொடுத்தோம். சிக்கல் தீர்ந்தது. இதைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் இல்லை, மருந்துச் சீட்டைச் சரிபார்த்த மருந்தாளுநர்.

இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், காய்ச்சல், சிறுநீர் குறைதல், தூக்கம் தலைகீழாதல்: இவற்றில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். குடிக்கும் எண்ணம் தாங்க முடியாமல் வந்தால் மனநல உதவி எண்ணான 14416, அல்லது போதை மீட்புக்கான 14446. இரண்டும் கட்டணம் இல்லாதவை.

கல்லீரலை மாற்றிவிட முடியாதா?

சிலருக்கு முடியும். ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் பட்டியலில் சேர்ப்போம் என்ற பழைய விதி இப்போது தளர்ந்திருக்கிறது. மருந்துக்கு அடங்காத காமாலையில் ஆறு மாதம் காத்திருக்க ஆள் இருக்கமாட்டார் என்பதால், கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்கு முன்கூட்டியே மாற்றிப் பார்த்து 2011இல் பிரான்ஸ், பெல்ஜியம் மருத்துவர்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 77 சதவீதம். மாற்றாதவர்களில் 23 சதவீதம். ஆனால் அந்தத் தேர்வைச் செய்தது முழுக் குழு; குடும்ப ஆதரவு எப்படி, நோயை ஒப்புக்கொள்கிறாரா என்பதையும் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டில் இறந்தவர் உறுப்புகளைப் பகிர்வது டிரான்ஸ்டான் என்ற அரசு அமைப்பு. உயிரோடிருக்கும் உறவினர் பகுதிக் கல்லீரல் கொடுப்பது 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நடக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். பலருக்கு இந்தப் பேச்சே தேவைப்படாமல் போவதும் உண்டு. குடியை முழுதாக நிறுத்திய சில மாதங்களில் வயிற்று நீர் வற்றி, மாத்திரை குறைந்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லீரல் சுருக்கம் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் மட்டும் விடாதீர்கள், புற்றுநோயை முன்பே பிடிக்க.

காபி குடிக்கலாமா?

தாராளமாக. காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் சுருக்கம் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. காபி விளையும் சேர்வராயன் மலைக்காரர்கள் இதைக் கேட்டதும் என்னைக் கும்பிடுவார்கள். குடிக்கு மாற்று மருந்து என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

தானாகக் குடித்துக் கெடுத்துக்கொண்டதற்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று என் அண்ணனே கேட்கிறார்.

மதுவிலக்கு இந்த நாட்டில் முதலில் வந்தது நம் மாவட்டத்தில், ராஜாஜி அரசின் காலத்தில், 1937 அக்டோபர் 1ஆம் தேதி. 2003 முதல் மாநிலம் முழுவதும் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். விற்பது அரசு என்றால் வைத்தியச் செலவு பற்றி அண்ணனுக்கு நான் என்ன சொல்ல? சர்க்கரை நோயாளியிடம் "ஏன் இனிப்பு தின்றாய்" என்று கேட்டுவிட்டு இன்சுலினை நிறுத்துவதில்லை. 'குடிகாரன்' என்று கேஸ் தாளில் எழுதியதை எங்கள் செவிலியர் அடித்துவிட்டு 'குடிநோய் உள்ளவர்' என்று எழுதினார். அன்று முதல் அந்தக் கட்டிலுக்கு மருத்துவர்கள் நின்று பேசினார்கள் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும், ஆனால் பார்த்தேன்.

மறுபடி குடித்துவிட்டார். மருத்துவமனைக்கு வர வெட்கப்படுகிறார். கூட்டிவரலாமா?

கூட்டிவாருங்கள். இன்றைக்கே. திரும்பக் குடிப்பது இந்த நோயில் எதிர்பார்க்கக்கூடியதுதான். நாங்கள் அதற்காக முகம் சுளிக்கக் கூடாது, சுளித்தால் என்னிடம் சொல்லுங்கள். வீட்டிலேயே திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள், நடுக்கமும் வலிப்பும் வரலாம். பழைய ஃபைல், மாத்திரை அட்டைகள், கையெழுத்து நோட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு என்று அவர் சொன்னால் போதும். ஏன் குடித்தாய் என்று வழியில் பஸ்ஸில் கேட்க வேண்டாம்.